உன் சிநேகிதனும் அவனுடைய பறக்கும் வீரனும்

சைனிக்புரி,
ஹைதராபாத்.
22-3-1984

சிரஞ்சீவி உமாசங்கருக்கு அம்மாவின் ஆசீர்வாதம். அப்பா, பட்டு, நான் மூவரும் உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அந்த ஊர்க் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். மனசுதான் சரியில்லை. ஊசிப்போனதைத் தெரியாமல் வாயில் போட்டுக்கொண்ட மாதிரி ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரு அருவருப்பு. உன்னோடு காலேஜில் படித்த ஜம்புநாதன், நம் பட்டுவுக்குப் பொருத்தமாக இருப்பான் என்று நீ எழுதினாயே, அவன் அன்றைக்குத்தான் தன் அம்மாவோடு பெண் பார்க்க வந்தான். பட்டான்செருவிலிருந்து இரண்டு பஸ் மாறி, கடைசியில் ஆட்டோ. நம் தெருவைத் தோண்டிப் போட்டிருப்பதால் முனையிலேயே இறங்க வேண்டியதாயிற்று. அவன் ஒரு காமிக்ஸ் புத்தகத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் வருகிறான், பின்னால் அந்த அம்மாள், அபயாம்பாள் என்று பெயர், பழப்பையும் கூஜாவுமாக மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறாள். ஆட்டோக்காரனே பார்க்கச் சகிக்காமல், "நக்கோ அம்மா, இதர் தேவ்", வேண்டாம், இப்படிக் கொடு என்று பையை வாங்கி வாசல்வரை கொண்டுவந்து வைத்தான்.

உட்கார்ந்ததும் பட்டுவிடம் என்ன படித்தாய், என்ன பிடிக்கும் என்று ஒன்றும் கேட்கவில்லை. புத்தகத்தை விரித்து, இதில் இருக்கிற வீரர்களில் உன் சுபாவத்துக்கு யார் பொருத்தம், சொல்லு என்றான். அதை வைத்தே ஒருத்தரை எடை போட்டுவிடலாமாம். தனக்கென்று அவன் எடுத்துக்கொண்டது, முதுகில் துணி தொங்க ஆகாயத்தில் பறந்து, இடிந்து விழுகிற பாலத்தைத் தாங்கிப் பிடிக்கிறவனை. "நானும் அப்படித்தான் மாமி, யாராவது கஷ்டப்பட்டா என்னால பார்த்துண்டு இருக்க முடியாது" என்று என்னிடம் சொன்னான். அதில் யாருமே தன்னை மாதிரி இல்லை என்றாள் பட்டு. அவன் சிரித்துவிட்டு, மொட்டைமாடியில் நின்று காப்பாற்றச் சொல்லிக் கத்துகிற ஒரு பெண்ணைக் காட்டி, "அப்போ இது நீ" என்றான். வகுப்பு நிறையப் பிள்ளைகளை அடக்கிக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவளைப் பார்த்து இந்தப் பேச்சு.

அந்த நேரத்தில் அபயாம்பாள் காப்பி டம்ளரை எடுக்கும்போது கை தவறிப் புத்தகத்தின்மேல் கொட்டிவிட்டது, பாதி அவள் மணிக்கட்டில். அவன் அவளைப் பார்க்கவே இல்லை. அவள் புடவைத் தலைப்பை வெடுக்கென்று இழுத்துப் புத்தகத்தைத் துடைத்தான். எங்கள் எல்லோர் முன்னாலும் அந்த அம்மாள் மார்பை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். "ஒரு டம்ளரைப் பிடிக்கத் துப்பில்லை, உன்னையெல்லாம் அழைச்சுண்டு வந்தேன் பாரு" என்றான். பட்டுதான் எழுந்து, தலைப்பை அவன் கையிலிருந்து பிடுங்கி, அந்த அம்மாளைப் போர்த்திச் சமையலறைக்கு அழைத்து வந்தாள். மணிக்கட்டில் தண்ணீர் ஊற்றினேன். அப்போது அவள் குரலைத் தாழ்த்தி, "மாமி, பொண்ணை இவனுக்குக் குடுத்துடாதேங்கோ. நான் பெத்தவ, எனக்கு வேற போக்கிடம் இல்லை. இவளுக்கு இருக்கு" என்றாள். பெற்றவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வர வேண்டுமென்றால் என்னென்ன பட்டிருப்பாளோ. முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி அவன் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டாள்.

அவர்கள் போனதும் அப்பா, பையன் கொஞ்சம் படபடப்பு, மற்றபடி நல்ல உத்தியோகம், குவார்ட்டர்ஸ் இருக்கிறது என்று ஆரம்பித்தார். அந்த அம்மாள் சொன்னதைச் சொன்னேன். மறுநாள் காலையில் அவரே அவன் ஜாதகத்தை, வேண்டாமென்று எழுதிக் கவரில் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தார். பட்டு வழக்கம்போல ஸ்கூலுக்குப் போய் வருகிறாள், அவள் முகம் தெளிவாக இருக்கிறது. எனக்கு உன்மேல்தான் கோபம் ஆறவில்லை. ஹாஸ்டலில் இவனோடு ஒரே அறையில் இருந்தவன் நீ. அம்மாவைப் பற்றி அவன் எப்படிப் பேசுவான் என்று ஒரு நாள்கூடவா உன் காதில் விழவில்லை? விழுந்தும் இவனைச் சிபாரிசு செய்து எழுதியிருந்தால் அதை எனக்குச் சொல்லவே சொல்லாதே.

வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழிக்காதே. தீர்க்காயுசாக, நாலு பேருக்கு நல்லவனாக இரு. ஒன்றை மட்டும் மறக்காதே. ஏன் வேண்டாமென்றார்கள் என்று கேட்டு அவன் உனக்கு நிச்சயம் எழுதுவான். பெண்ணின் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, அவள் ஒரு பிடிவாதக்காரி என்று என் தலையில் போட்டு எழுது. அபயாம்பாள் சொன்னதில் ஒரு எழுத்துகூட அவனுக்குத் தெரியக் கூடாது. அவள் அவனோடுதான் இருந்தாக வேண்டும்.

இப்படிக்கு உன் அம்மா,
கல்பகம்