பேண்ட் பையில் கிளிப்

செவ்வாய், 4
காலையிலேயே புழுக்கம். மேன்ஷனில் தண்ணீர் இல்லை. குளிக்காமலே பட்டினப்பாக்கம் கடற்கரை. ஆறு மணிக்கு டிராக்டரில் ஏறினேன், பின்னால் குப்பை பொறுக்க மணல் சலிக்கும் மெஷின். டீ குடித்துவிட்டு மூன்றாவது சுற்று. திரும்பிப் பார்த்தால் மெஷின் ஐம்பது அடி தள்ளி, மணலில் குப்புற. இரண்டையும் சேர்க்கிற இரும்புப் பின் காணோம்.
இதுவரை என் தப்புக் கணக்கு: மெஷினில் வலை சுற்றியது (திரும்பும்போது தூக்கணும்). டயர் புதைந்தது (மணலில் காற்று குறைக்கணும்). இது மூன்றாவது.
"இன்னொரு தபா எதுனா ஆச்சு, வண்டிய வுட்டு எறங்கி தொடப்பத்தப் புடி." போன வாரமே சொல்லிவிட்டார் சூப்பர்வைசர்.
பயத்தில் வாயில் வந்தது: "டீக்குப் போன நேரத்துல எவனோ பின்ன உருவிட்டான் சார்." வண்டி நோட்டிலும் 'திருட்டு' என்றே எழுதினேன்.

புதன், 5
புழுக்கம். அதே பேண்ட். பின்னுக்குப் பதில் போல்ட், அதுவும் வளைகிறது. மெதுவாகத்தான் ஓட்டணும்.
சூப்பர்வைசர் கரையோர மீன் கடைகளில் பின்னைத் தேடினார். ஸ்டெல்லா அக்காவின் ஐஸ் பெட்டியைக் கவிழ்த்தார். சங்கரா மீன் எல்லாம் மணலில்.
"எங்களப் பாத்தா திருடற மாரியா கீது?"
ஒன்றும் கிடைக்கவில்லை. நான் சீட்டைவிட்டு இறங்கவில்லை. மீட்டரைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

வியாழன், 6
மாலை தண்ணீர் வந்தது. பேண்ட் துவைக்கப் போட்டேன். பையில் கிளிப். அந்த இரும்புப் பின் கழன்று விழாமல் கீழே மாட்டுவது.
டீக்கு முன்னால், சிக்கிய கயிற்றை எடுக்க நான்தான் மெஷினைக் கழற்றினேன். பின்னை மறுபடி போட்டேன். கிளிப் பைக்குள் போய்விட்டது. அவர் அக்காவின் பெட்டியைக் கவிழ்த்தபோதும் என் தொடையோடுதான் இருந்திருக்கிறது. வெட்கம்.

வெள்ளி, 7
அக்காவிடம் போய்க் கிளிப்பைக் காட்டினேன். எல்லாம் சொன்னேன். மீனைப் புரட்டிக்கொண்டே இருந்தாள்.
"எங்கையில இன்னாத்துக்கு காட்ற நைனா? சூப்பர்வைசராண்ட காட்டு."
காட்டினேன். நோட்டில் 'திருட்டு' என்பதை அடித்துவிட்டு எழுதினேன்: 'கிளிப் போடவில்லை, நான்தான்'. கையெழுத்து கோணல்.

சனி, 8
லேசான காற்று. துடைப்பம். இடுப்பு விட்டுப்போச்சு. வண்டியில் புது டிரைவர். கிளம்பும் முன் ஓடிப்போய்க் கிளிப்பைத் தொட்டுப் பார்த்தேன். போட்டிருந்தான்.
மீன் கடை வரிசை கடைசியாக. அக்கா கடையைத் தாண்டிப் போகப் பார்த்தேன். ஐஸ் பெட்டியை இழுத்து நகர்த்தினாள்.
"இன்னா பாக்குற? அடிலயும் பெருக்கு."
பெருக்கினேன்.