சிவப்புத் துண்டு இல்லாத வீரன்

புரட்டாசி, ஞாயிற்றுக்கிழமை

இடஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். எங்கள் கச்சிராயபாளையத்துக்கு நாலு நாளாக பஸ் இல்லை. அப்படியும் ஏஜென்ட் முருகேசன் அண்ணன் கள்ளக்குறிச்சியிலிருந்து சைக்கிளிலேயே இந்த மாதக் காமிக்ஸ் கட்டைக் கொண்டுவந்துவிட்டார். தையல் மெஷினை நிறுத்திவிட்டு என் புத்தகத்தை ஆசையாக வாங்கிப் பார்த்தேன். பற்றிக்கொண்டு வந்தது.

நாங்கள் படிக்கிற காமிக்ஸ் கம்பெனியை மெட்ராசில் ஒரு பெரிய சினிமாக் கம்பெனி வாங்கிவிட்டதாம். முதல் இதழிலிருந்தே சிவப்புத் துண்டால் முகத்தை மூடி வந்த செந்துண்டு வீரனுக்கு இப்போது அட்டையில் துண்டே இல்லை. அவனை வைத்து எடுக்கிற சினிமாவில் நடிக்கப்போகிற நடிகரின் மூஞ்சியை வரைந்துவைத்திருக்கிறார்கள்.

“நல்லாத்தானம்மா கீறாரு, இன்னா கொறச்சல்?” என்றார் அண்ணன்.

“மூடிக்கினு இருந்தவரைக்கும் ஊர்ல எங்காளுன்னாங்க, காலனில எங்காளுன்னாங்க, மலைமேல கரியாலூர்ல எங்க மலைக்காரன்னாங்க. இப்ப இவன் யாரு ஆளுண்ணா?”

நான் சிவப்பு வெட்டுத்துணியில் பசை தடவி அட்டையில் சிரிக்கிற அந்த மூஞ்சியின் மேல் ஒட்டி, புத்தகத்தைக் கடை வாசலில் தொங்கவிட்டேன். “புக்கையே கெடுத்துட்டியேம்மா” என்று தலையில் அடித்துக்கொண்டு, மீதிக் கட்டோடு போனார்.

சாயங்காலம் மொத்தக் கட்டோடு திரும்பி வந்தார். “துண்டு கட்னதுதான் வோணும்னு எல்லாரும் நிக்கறாங்க. ஒட்டிக் குடும்மா.”

பாதியிலேயே சிவப்புத் துணி தீர்ந்துபோனது. தீபாவளி ரவிக்கைக்கென்று எனக்காக எடுத்துவைத்திருந்த துணி பெட்டியில் இருந்தது. அதையும் வெட்டிவிட்டேன். இன்னும் எட்டுப் புத்தகம் பாக்கி. கண் சொக்குகிறது. ஒட்டிவிட்டுத்தான் படுப்பேன்.