எல்லைக்கோட்டில் தர்சி அக்கா

ஓகஸ்ட் 22, வியாழன்

வெக்கை. ஜன்னலைத் திறந்தால் மெட்ரோ சத்தம், மூடினால் வேர்வை. என் அறை பெரியப்பாவுக்கு. நான் அம்மாவோடு. அம்மா நித்திரையானதும் குளியலறைக்கு வந்து, தொட்டி விளிம்பில் இருந்து எழுதுகிறேன்.

பெரியப்பா கனடாவிலிருந்து வந்தாயிற்று, ஞாயிற்றுக்கிழமை நடக்கும் சொந்தக்காரர் கலியாணத்துக்கு. எனக்கு ஒரு தொப்பி, அவருடைய ஃபுட்பால் அணியின் தொப்பி. நாங்கள் பள்ளியில் விளையாடுவது அல்ல, முட்டை வடிவப் பந்து. அவருக்கு அது உயிர். நடுவர்கள் என்றால் எதிரிகள். இரவுச் சாப்பாட்டில் அப்பாவுக்குப் பாடம்:

"தம்பி, அவங்களுக்குக் கண் பொட்டை. நல்ல காலம், வீடியோ அறை எண்டு ஒண்டு இருக்கு. தீர்ப்புப் பிழையெண்டு பயிற்சியாளர் துணியை எறிஞ்சா, அங்கை திருப்பிப் போட்டுப் பார்த்துத் தீர்ப்பை மாத்துவாங்கள். அவங்கள் தெய்வம்."

"ஓம் அண்ணை. இன்னும் கொஞ்சம் குழம்பு விடட்டே?"

எனக்கு மட்டும் தெரிந்தது: சனிக்கிழமை அவருடைய அணி விளையாடும்போது எல்லைக்கோட்டில் நிற்கப்போகும் நடுவர் அவர் பெற்ற மகள், தர்சி அக்கா. பள்ளி ஆட்டங்களில் நான்கு வருடம் நின்றவள், பெரிய ஆட்டம் இதுதான் முதல். பெரியப்பாவுக்குத் தெரிந்தது அவளுடைய வங்கி வேலை மட்டும். "அப்பா திரும்பி வர நானே சொல்லுவன். நீ வாயைத் திறந்திடாதை" என்று குரல்செய்தி அனுப்பியிருக்கிறாள். மூன்று தரம் கேட்டுவிட்டு அழித்தேன்.

நடுவர் வேலையை விடச் சொல்லிவிடுவாரோ?

ஓகஸ்ட் 23, வெள்ளி

அம்மாவோடு கடைத்தெரு. மல்லிகை, வெற்றிலை, குங்குமம், என் சட்டைக்கு ஊக்கு. ஊக்கை மறந்து திரும்பவும் போனோம்.

பெரியப்பா: "நாளைக்கு மட்சைப் போட்டுத் தா பிள்ளை. உனக்குத்தானே கம்ப்யூட்டர் தெரியும்."

"வைஃபை பழுது, பெரியப்பா."

அப்பா எழும்பிப் போய்ப் வைஃபை பெட்டியின் வயரைக் கழற்றித் திரும்பப் பூட்டினார். "இந்தா, வேலை செய்யுது."

பொய் சொன்னால் எனக்குக் காது சிவக்கும். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

ஓகஸ்ட் 24, சனி

 இன்னும் சிரிப்பு!

பின்னேரம் ஏழு மணி. பெரியப்பா இடுப்பில் சாரமும் மேலே அணிச் சட்டையும். திரையில் அக்கா, மைதானத்தின் அந்தக் கரையில், கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை, தலைமயிர் தொப்பிக்குள். விரல் நகம் அளவுதான் தெரிந்தாள்.

"அந்தக் கரையிலை நிக்கிற கட்டையனைப் பார். நிண்டுகொண்டே நித்திரை!"

அந்தக் கட்டையன்தான் அக்கா. நான் தண்ணீர் குடித்தேன். திரும்பவும் குடித்தேன்.

கடைசி நிமிடங்கள். பெரியப்பாவின் அணி பின்னுக்கு. ஒருவன் மூலையில் பாய்ந்து பந்தைப் பிடித்தான். அக்கா ஓடி வந்து கைகளை வீசினாள்: கால் எல்லைக்கோட்டில் பட்டது, பிடி செல்லாது.

பெரியப்பா சோபாவில் ஏறி நின்றார். "எறியடா துணியை!" பயிற்சியாளர், அது காதில் விழுந்ததுபோல, துணியை எறிந்தார்.

திருப்பிக் காட்டினார்கள். பிடித்தவனின் கால் சப்பாத்து, கோடு, சப்பாத்து. பிறகு தீர்ப்புச் சொன்ன நடுவரின் முகம், திரை முழுக்க. பெரியப்பாவின் மூக்கு அப்படியே.

அப்பா: "அண்ணை... இது எங்கடை தர்சியெல்லோ?"

பெரியப்பா இறங்கி இருந்தார். என்னைப் பார்த்தார். "உனக்கு முந்தியே தெரியுமோ?"

தலையாட்டினேன். அழுகை வந்தது.

அவர் திரைப்பக்கம் திரும்பினார். திரையில் திரும்பவும் சப்பாத்து. காலுக்கும் கோட்டுக்கும் நடுவில் விரலளவு பச்சை. எனக்கே தெரிந்தது.

"கோட்டிலை பட்டுத்தான் கிடக்கு" என்றார் பெரியப்பா.

"புல்லுத் தெரியுதே அண்ணை."

"உனக்கு என்ன விளங்கும்? பக்கத்திலை நிண்ட பிள்ளைக்குத் தெரியாதே?"

வீடியோ அறை தீர்ப்பை மாற்றியது. பிடி செல்லும். அவருடைய அணிக்குப் புள்ளி, வெற்றி. பெரியப்பா மேசையில் அடித்தார்: "கள்ளர்! எங்கையோ ஒரு அறைக்குள்ளை குந்தியிருக்கிறவனுக்கு என்ன தெரியும்!"

அம்மா குசினியிலிருந்து வந்தாள். "வெண்டதோ, தோத்ததோ?"

ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்பாவுக்கும்.

ஓகஸ்ட் 25, ஞாயிறு

மழைத் தூறல். ஊக்கு குத்திவிட்டது.

காலையில் அக்கா போனில் கூப்பிட்டாள்; பெரியப்பா பார்த்துவிட்டதை இரவே அவளுக்கு எழுதியிருந்தேன். பெரியப்பாவுக்குக் காது மந்தம், எல்லாம் ஒலிபெருக்கியில்தான்.

"அப்பா, அது என்ரை பிழை. நான் நிண்ட இடம் சரியில்லை. திருத்தினது நல்லது."

பெரியப்பா போனைக் கிட்ட இழுத்தார். பிறகு, "எத்தினை வருசமா?"

"நாலு."

"மழைக்குள்ளையும் நிக்கிறனியோ?"

"ஓம். பனிக்குள்ளையும்."

"சப்பாத்து நல்லதே?"

அக்கா அழுதாள். அவர் "சரி, சரி, அடுத்த மட்ச் எப்ப?" என்றார்.

லெ பிளாங்-மெனிலில் கலியாண மண்டபம். சரியான சனம். பெரியப்பா எங்கள் வரிசையில் மாப்பிள்ளையின் மாமாவைப் பிடித்துக்கொண்டார். பலகாரத் தட்டின் விளிம்பு எல்லைக்கோடு, வடைதான் சப்பாத்து. வடையை விளிம்பில் வைத்து எடுத்து, வைத்து எடுத்துக் காட்டினார். அந்தப் பக்கம் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

மாமா: "அப்ப உங்கடை மகள் சொன்னது பிழைதானே?"

நான் என் வடையைத் தட்டில் வைத்தேன்.

"ஓம், பிழைதான்" என்றார் பெரியப்பா. "ஆனா கண் வெட்டுறதுக்குள்ளை, எவ்வளவு கெதியாச் சொன்னவள் எண்டு பாருங்கோ!"

கெட்டிமேளம். தாலி கட்டியதை எங்கள் வரிசையில் ஒருவரும் காணவில்லை.