நாற்பது நொடிக்கு ஒரு தட்டு

11 ஜூன் 2006, ஞாயிறு

பூசை முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, செல்வமணி வந்தாள். மஸ்கட்டில் ஜாஸ்பின் வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியில் இவளும் நர்ஸ். லீவில் ஆலங்குளம் வந்திருக்கிறாள். பேரீச்சம்பழம், ஒரு டவல், ஒரு சி.டி. மூன்றையும் மேசையில் வைத்தாள்.

ஜாஸ்பின் கேமராவைப் பார்த்துப் பேசி சி.டி.யில் போட்டுக் கொடுத்திருக்கிறாளாம். கடிதத்தில் எழுத வரவில்லையாம். என் முகத்துக்கு நேரே நின்று நிதானமாகச் சொன்னாள் செல்வமணி. விவரமான பெண்.

"ஜூலை ஒம்பதாம் தேதி நான் திரும்பிப் போறேன் அண்ணே. பதில் வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கா."

என் மனைவி என்னிடம் ஒன்று சொல்ல, ஒரு சி.டி. கடல் தாண்டி வர வேண்டியிருக்கிறது. அவளைக் குறை சொல்லி என்ன? போனில் பேசினால் எனக்குக் கேட்காது.

அதே நாள், மாலை

பதினான்கு நிமிஷம். நான்கு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன்.

போன கிறிஸ்துமசுக்கு அவள் அனுப்பிய பணத்தில்தான் கம்ப்யூட்டர் வாங்கி, டி.வி.யோடு இணைத்து, பெரிய ஸ்பீக்கர் செட்டும் போட்டேன். தியேட்டரில் எதிரொலி, வீட்டிலாவது படம் பார்க்கட்டும் என்று எழுதியிருந்தாள். அதே டி.வி.யில் இன்று அவள். மெலிந்திருக்கிறாள். பின்னால் இரும்புக் கட்டில், யாருடையதோ துண்டு காய்கிறது.

ஆரம்பத்தில் புரிந்தது. சாப்பிட்டீகளா, மெஷின் காதில் இரையுதா. அதன் பிறகு உதடு ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். இடது காது செத்துவிட்டது. வலது காதில் மெஷின் வைத்தால் சத்தம் வரும், சொல் வராது. உதட்டைப் பார்த்தால் பாதிச் சொல். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால்தான் எனக்குப் பேச்சு. உதட்டை மட்டும் நம்ப முடியாது. அம்மாவும் அப்பாவும் உதட்டில் ஒன்றுதான்.

பாதிக்கு மேல் ஒரு இடத்தில் — புரிஞ்சு என்கிறாளா, பிரிஞ்சு என்கிறாளா? உதடு குவிந்த மாதிரியும் இருக்கிறது, குவியாத மாதிரியும் இருக்கிறது.

14 ஜூன்

பக்கத்து வீட்டு சண்முகத்தாய் விஷயம் தெரிந்து, தான் கேட்டு எழுதிக் கொடுப்பதாகச் சொன்னாள். நல்ல மனசுதான். வேண்டாம் என்றேன். நான் கேட்பதற்கு முன்னால் இன்னொருவர் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பதா?

18 ஜூன், ஞாயிறு

கம்ப்யூட்டர் கடை தனுஷ்கோடியை வரச் சொன்னேன். ஒரு படத்தைப் போட்டுப் பார்த்தான். பெரிய ஸ்பீக்கரில் கொஞ்சம் பிந்தத்தான் செய்கிறது என்று ஒப்புக்கொண்டு, படம் ஓடும்போதே சத்தத்தை முன்னால் தள்ளுகிற கீபோர்டுச் சாவி ஒன்றைக் காட்டினான். ஒரு தட்டுக்கு ஐம்பது மில்லி செகண்ட், அதாவது நொடியில் இருபதில் ஒரு பங்கு. நான்கு தட்டில் படம் சரியாகிவிட்டது. ஆறு மாதமாக இது தெரியாமல் இருந்திருக்கிறேன்.

ஆனால் சி.டி. சரியாகவில்லை என்றேன். கொடுங்க, பாக்கிறேன் என்று கை நீட்டினான். கொடுக்கவில்லை. எழுந்து செருப்பை மாட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான்: "காதுக் கோளாற மெஷின் மேல போட்டா நான் என்ன செய்ய."

முழுசாகத் திருப்பவில்லை. உதடு தெரிந்தது.

19 ஜூன்

இப்போது எனக்கு வேலை பிரஸ்ஸில்; லேபிள் கட்டு எண்ணினேன். யாரிடமும் பேசவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

22 ஜூன்

ஒன்று கண்டுபிடித்தேன். காதை விட்டுவிட்டேன். தனுஷ்கோடி காட்டிய நான்கு தட்டைத் தட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, பெரிய ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் டி.வி.யில் வைத்தேன். ஆரம்பத்தில் அவள் டம்ளரை மேசையில் வைக்கிறாள். அதே நேரத்தில் கையில் தட்டுகிறது. ஆறாம் நிமிஷம் ஜன்னலைச் சாத்துகிறாள். சாத்தி முடித்துக் கையை எடுத்த பிறகுதான் அதிர்வு வருகிறது. பதிமூன்றாம் நிமிஷம் மேசையில் அடிக்கிறாள். கை மடிக்கு வந்த பிறகு என் கையில் அந்த அடி விழுகிறது.

ஆக, சத்தம் ஒரே அளவில் பிந்தவில்லை. போகப் போகப் பிந்துகிறது. ஒரு இடத்தில் சரிசெய்தால் இன்னொரு இடத்தில் ஏன் கெடுகிறது என்பது இப்போது விளங்கியது. கோளாறு அவளுடைய கேமராவில் இருக்கலாம், என்னிடம் இல்லை. என் காதில் இல்லை.

எதற்கு மேசையில் அடித்தாள்?

27 ஜூன்

அந்த நான்குக்கு மேல் டம்ளருக்குத் தட்டே தேவையில்லை. ஜன்னலுக்கு ஒன்பது தட்டு. மேசைக்குப் பத்தொன்பது. கணக்குப் போட்டால் நாற்பது நொடிக்கு ஒரு தட்டு. அவள் பேசப் பேச, கடிகாரத்தைப் பார்த்து நானும் தட்டிக்கொண்டே வந்தால்?

ஞாயிறு வரை பொறுக்க வேண்டும். அவசரத்தில் கை பதறும்.

பொறுக்க வேண்டும் என்பது பொய். பயமாயிருக்கு.

2 ஜூலை, ஞாயிறு

கைக்கடிகாரத்தைக் கழற்றி டி.வி.க்குக் கீழே நிறுத்திவைத்தேன். ஒரு விரல் சாவியில். முதல் இரண்டு தடவை தட்டத் தவறி, திரும்ப ஆரம்பித்தேன். மூன்றாவது தடவை மூன்றாம் நிமிஷத்தில் ஜாஸ்பினின் குரல் போய் அவள் உதட்டில் உட்கார்ந்தது. அப்படியே நின்றது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் பேசிக் கேட்கிறேன்.

இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். என்னைக் கேட்கவில்லை, கேட்டாலும் நான் சரி என்று தலையாட்டியிருப்பேன் என்கிறாள். உண்மைதான். ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன்.

"நாம பிரிஞ்சுதான இருக்கோம். நான் மஸ்கட் வந்ததால இல்ல. அதுக்கு முந்தியே. அந்த வெடிக்குப் பொறவு நீங்க எங்கிட்ட பேசவே இல்ல. உங்களுக்குக் காது போச்சு, சரி. வாய் எங்க போச்சு?"

பிரிஞ்சுதான். புரிஞ்சு இல்லை. இத்தனை நாள் பயந்த சொல்தான். ஆனால் நான் பயந்த வாக்கியம் இல்லை.

தட்டு தவறியது. மறுபடி பிடித்தேன்.

"அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு பேப்பர்ல படிச்சேன், பொண்டாட்டியா இருந்துகிட்டு. தூக்கத்துல முருகம்மா முருகம்மான்னு சொல்லுவீக. முளிச்சிட்டா ஒண்ணுமில்லைம்பீக. நீங்க சொன்னா நான் வந்துருவேன்னு சொல்லல. சொல்லுங்கன்னுதான் சொல்றேன்." மேசையில் அடித்தது அங்கேதான்.

3 ஜூலை

வேலைக்குப் போகவில்லை.

8 ஜூலை, சனி

தனுஷ்கோடியிடம் கேமரா இரவல் வாங்கினேன். நாற்பது நொடி விஷயத்தைச் சொன்னேன். அன்று பேசியது தப்பு என்றான், நேராக என்னைப் பார்த்து. கேமராவைப் பொருத்திக் கொடுத்துவிட்டு, கேட்காமலே வெளியே போய்விட்டான்.

பேசினேன். என் சத்தம் எம்புட்டு என்று எனக்குத் தெரியாது. கத்தியிருப்பேன்.

மூன்று வருஷத்துக்கு முந்திய ஆகஸ்ட். சீசன். பட்டாசு ஆலையில் நான் போர்மேன். காலை பத்தரை மணிக்கு வெடிமருந்து அடைக்கிற ரூமிலிருந்து முருகம்மாள் கூப்பிட்டாள். "மருந்து கைக்குச் சுடுது சார், வெளிய வச்சிரட்டுமா?" நான் தொட்டுப் பார்க்கவில்லை. வாசலில் லாரி நின்றது. இந்தத் தட்டுல இருக்கிறத மட்டும் அடைச்சு முடிச்சிரு என்றேன். ஆபீஸ் பக்கம் நூறு கஜம் நடந்திருப்பேன். ஏன் திரும்பினேனோ, திரும்பினேன். ஜன்னல் முழுக்க வெளிச்சம். சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஓடினேன். பக்கத்து ரூமும் வெடித்தது. முருகம்மாளும் இன்னும் மூன்று பேரும் போனார்கள். விசாரணையில் வெயில்தான் காரணம் என்றேன். எல்லோரும் வெயில் என்றுதான் சொன்னார்கள்.

இதைத்தான் சொன்னேன். ஒன்பது நிமிஷம்.

வெளியே வந்தால் சண்முகத்தாய் வாசலில் நின்றாள். கேட்டிருக்கிறாள். தெருவே கேட்டிருக்கும். தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

9 ஜூலை

செல்வமணியிடம் சி.டி.யைக் கொடுத்தேன். சாத்தூர் பஸ் ஸ்டாண்டு.

30 ஜூலை

செல்போனில் ஜாஸ்பினிடமிருந்து ஒரு வரி. சி.டி. கிடைத்தது. அவ்வளவுதான்.

20 ஆகஸ்ட்

ஒன்றும் வரவில்லை.

17 செப்டம்பர், ஞாயிறு

ஆனைக்குட்டம் போனேன். முருகம்மாளின் வீட்டுக்காரர் சீனிச்சாமி ஆட்டுக்குக் குழை நறுக்கிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை. நின்றபடியே சொன்னேன். முருகம்மாள் கேட்டதை, நான் சொன்னதை, விசாரணையில் சொல்லாமல் விட்டதை.

அவர் அரிவாளைக் கீழே வைத்தார்.

"தெரியும் சார். அடுத்த ரூம்ல இருந்தவுக அன்னைக்கே சொல்லிட்டாக. நீங்க வருவீகன்னு பாத்துக்கிட்டிருந்தேன். மூணு வருசமாச்சு."

அன்றுதான் சவரம் செய்திருந்தார். உதடு நன்றாகத் தெரிந்தது. ஒரு சொல்லும் தப்பவில்லை.

அவர் அரிவாளை எடுத்து மறுபடி நறுக்க ஆரம்பித்தார். கிளம்பும்போது, பஸ் மூன்றரைக்கு என்று மட்டும் சொன்னார். ரோட்டில் நின்றேன். கண்மாய்ப் பக்கமிருந்து காற்று அடித்தது. மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

21 அக்டோபர்

தீபாவளி. ஊரே வெடிக்கிறது. தரையில்தான் தெரிகிறது எனக்கு.

12 நவம்பர்

ஜாஸ்பின் கடிதம். நான்கு வரி. மூன்று தடவை பார்த்தாளாம். என்ன எழுத என்று தெரியாமல் இவ்வளவு நாள் இருந்தாளாம். டிசம்பர் 28 திருவனந்தபுரத்தில் இறங்குகிறாள். ஒரு மாத லீவு மட்டும். போட்ட கையெழுத்து போட்டதுதான்.

ஆனைக்குட்டம் போய்வந்ததை எழுதித் தபாலில் சேர்த்தேன்.

29 டிசம்பர்

வந்துவிட்டாள். ரயிலில் வரும்போது இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தோம்.

3 ஜனவரி 2007

வீட்டைக் கழுவுகிறாள். சமைக்கிறாள். பேச்சு அதிகமில்லை. அடுத்த அறையில் ஆள் இருக்கிறார் என்பதே பழக வேண்டியிருக்கிறது.

21 ஜனவரி, ஞாயிறு

காலையில் தோசைமாவு புளித்துவிட்டது என்பதில் ஆரம்பித்தது. ராத்திரியே ஏன் வெளியே வைத்தீக என்றாள். நீதானே வைத்தாய் என்றேன். அங்கிருந்து மஸ்கட் போனது சண்டை. என்னைக் கேட்காமல் எப்படிக் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்டேன். மூன்று வருஷம் எதையும் கேட்காதவர் இன்றைக்குக் கேட்க வந்துவிட்டாரா என்றாள். ஆனைக்குட்டத்துக்குத் தனியாகப் போனதற்கும் கோபம். ஒரு வார்த்தை முன்னாலேயே எழுதியிருந்தால் லீவை மாற்றிக்கொண்டு கூட வந்திருப்பாளாம். நான் கத்தினேன். அவளும் கத்தினாள். நடுவில் அழுதாள், அழுதுகொண்டே அந்தப் புளித்த மாவில் தோசை ஊற்றினாள். கரண்டியை நீட்டி, சவத்த மனுசா, என் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க என்றாள். பார்த்துத்தான் பேசினேன். மணி பதினொன்று ஆகிவிட்டது. பூசைக்கும் போகவில்லை.

27ஆம் தேதி அவளுக்கு விமானம்.

சண்முகத்தாய் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, என்ன சத்தம் என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. பேசிக்கிட்டிருக்கோம்" என்றேன்.