வீட்டில் உன் பங்கு

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

நேற்று அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு, வீட்டுக்கடனின் கடைசிப் பாக்கியைக் கட்ட வங்கிக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண், "உங்க தம்பி முந்தாநாளே கட்டிட்டாரே மேடம். மேனேஜரோட நின்னு போட்டோகூட எடுத்துக்கிட்டாரு" என்றாள். பத்தொன்பது வருஷம் நான் தவணை கட்டியபோது அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவன், மிச்சம் கொசுறாக நிற்கும்போது மூக்கில் வியர்த்த மாதிரி வந்து நின்றிருக்கிறாய்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ரசீதைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டுகிறாய். கீழே, 'அம்மாவின் வீட்டை மீட்டுவிட்டேன்.' "பெத்தா இப்படி ஒரு புள்ளயப் பெக்கணும்" என்று சித்தி வேறு பேசி அனுப்பியிருக்கிறாள்.

அம்மா அந்தப் படத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். "எப்படியோ, என் புள்ள வீட்ட மீட்டுட்டான்" என்று என்னிடமே சொன்னாள். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

கழுவும்போதுதான், நீ கட்டிய காசுக்கு இந்த வீட்டில் என்ன வரும் என்று யோசித்தேன். போன மாதம் கம்மோடுக்குப் புது மூடி வாங்கிப் போட்டேன். விலை ஏறக்குறைய அதேதான். அதைக் கழற்றி, துடைக்காமல், இந்தக் கடிதத்தோடு பார்சலில் வைத்திருக்கிறேன். உன் பங்கு உன்னிடம் வந்து சேர்ந்துவிட்டது.

இதையும் பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுத்துப் போடு.

அக்கா