அட்டைக்கு அடியில் இருக்கும் முகம்

யார்க்,
மார்ச் 6, 1881

அன்பு மகள் ஹெஸ்டருக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி ஆம்ப்ரோஸும் சுகமாகவே இருக்கிறோம், நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவை அடக்கம் செய்த இடத்தில் கல் நட்டாயிற்று. கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை, போன வாரம் மேயர் படம் எடுத்துக்கொள்ள வந்தார், தலை ஆடாமலிருக்கப் பிடரியில் இரும்புக் கவையை வைத்ததும், என்னய்யா, தூக்குல போடப் போறியா என்று கேட்டார். ஆம்ப்ரோஸ் இருமிக்கொண்டே தகடு கழுவும் மருந்து அறையில் கிடக்கிறான், சொன்னால் கேட்பதில்லை.

அம்மா முகம் மறந்துகொண்டே வருகிறது, ஒரு படம் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாய். கடையில் படம் பதிந்து வைத்திருக்கும் இருபதாயிரம் கண்ணாடித் தகடுகளையும் பார்த்துவிட்டேன், அவளுடையது ஒன்றுகூட இல்லை. ஊரில் பாதிப் பேரை எடுத்தவன் பெண்டாட்டியை எடுக்கவில்லை, இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. கைக்குழந்தைகள் ஆடாமலிருக்க அவள்தான் கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு மடியில் பிடித்து உட்காருவாள், அப்புறம் படத்தின் மேல் நடுவில் வட்டமாக வெட்டிய அட்டையை ஒட்டித் துணியை மறைத்துவிடுவோம். நீயும் ஒரு நாள் உட்காரேன் என்றால், என் மூஞ்சி எங்க போயிடப் போவுது, மொதல்ல வந்தவங்களக் கவனிங்க என்பாள்.

நேற்றுப் பழைய பதிவேட்டில் உன் ஏழாம் மாதப் படத்தின் குறிப்பு கண்ணில் பட்டது. பக்கத்தில் என் கையெழுத்தில், தகடு பாழ், சுரண்டிக் கழுவியது என்று இருக்கிறது. அப்போதுதான் நினைவு வந்தது. நான் கேமராவின் மூடியைத் திறக்கும் நேரம் பார்த்து நீ அவள் முகத்துத் துணியை இழுத்துவிட்டாய், அவள் சிரித்துவிட்டாள். பாழாக்கிட்டியே என்று கத்தினேன். புள்ள நல்லா விழுந்திருக்கால்ல, அட்டையப் போட்டு என்னய மூடிடுங்க என்றாள். ஒரே ஒரு பிரதி எடுத்து மூடினேன், தகட்டைக் கழுவி வேறு யாரையோ எடுத்தேன். அந்தப் பிரதியைத்தான் நீ கப்பலேறும்போது கொண்டுபோனாய், உன் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

அவசரப்பட்டுக் கிழித்துவிடாதே ஹெஸ்டர், பழைய பசை. கொதிக்கும் கெண்டியின் ஆவியில் காட்டி, மழுங்கின கத்தியால் ஓரத்திலிருந்து மெல்ல அட்டையை எடு. சிரித்ததில் வாய் கொஞ்சம் கலங்கியிருக்கும், மற்றபடி அவள்தான். குழந்தைக்குக் கம்பளிக் காலுறை தனியே அனுப்பியிருக்கிறேன். கடவுள் உங்கள் மூவரையும் நன்றாக வைக்கட்டும். அட்டையை எடுத்ததும் மறக்காமல் எழுது, அவள் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறாளா, என்னைப் பார்த்தா. எனக்கு நினைவில்லை.

இப்படிக்கு உன் அப்பா,
ஜோசையா தாக்ரே