வலப்பக்கம் இழுக்கும் கார்

நவ. 5, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலை: தம்பியின் ரிமோட் காரில் பேட்டரி கசிந்து பூத்திருந்த உப்பை வினிகர் தொட்டுத் துடைத்தது. காப்பி அதற்குப் பிறகுதான். மழை. நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் லீவு. மயிலாடியில், அம்மா வீட்டில்.

அப்பா மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த பக்கி கார், மணலில் ஓடும் பெரிய சக்கர வகை. தம்பி செல்வினுக்கு அப்போது பத்து வயது இருக்கும். பிறகு அவனும் மஸ்கட் போனான். பெட்டிக்குள் திரும்பி வந்தான்.

அம்மா காரை சர்ச்சில் நடக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு நேர்ந்துவிட்டாள். வரும் ஞாயிறு. சபை ஐயரிடமும் சொல்லியாயிற்று.

"அது வீட்ல கெடக்கது வர அவனும் கெடப்பான் மக்ளே. எனக்கு ஒறங்கணும்."

நான் மறுக்கவில்லை. ஓடுகிற நிலையில் கொடுப்போம் என்று மட்டும் சொன்னேன்.

நவ. 6, புதன்

முன்சக்கரங்களைத் தாங்கும் கைகள் இரண்டும் பழைய பிளாஸ்டிக். மஞ்சளடித்து, மயிரிழை விரிசல்கள். இடது கை எப்போதோ முறிந்தது. செல்வின் சூடு வைத்து உருக்கி ஒட்டி, தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறான். ஒட்டு கோணல்.

போன வாரம் சொல்லிவைத்த புது அலுமினியக் கைகள் கூரியரில் வந்தன. நீலம். வெட்கமில்லாத பளபளப்பு.

நாகர்கோவிலிலிருந்து வீட்டுக்காரர் ஜோன்ஸின் ஃபோன். "ஏட்டி, ரோட்டுல ஓடுக காரு படிண்ணா படிக்கமாட்ட. பொம்மக் காரு கழத்துகியா?" சிரித்தேன். நல்லவேளை, ஜோன்ஸுக்கு என் முகம் தெரியவில்லை.

வாங்க வேண்டியது: குட்டி ஸ்க்ரூ டிரைவர், கிரீஸ், பென்சில் பேட்டரி, அம்மாவுக்கு முட்டுவலித் தைலம்.

பிற்பகல் காரின் சுவிட்சைப் போட்டேன். ரிமோட் அணைந்துதான் இருந்தது. முன்சக்கரங்கள் இடமும் வலமுமாகத் துடித்தன. பழைய ரிசீவர், காற்றில் எதையாவது பிடித்திருக்கும். தெரியும். ஆனாலும் பிடரி சிலிர்த்தது. வாசலில் அம்மா.

"ஆரு ஆட்டுகா?"

"ஆரும் இல்லம்மா. காத்துல வார சிக்னல்."

"ஆருக்க சிக்னல்?"

சுவிட்சை அணைத்தேன்.

நவ. 8, வெள்ளி

புதுக் கைகள் மாட்டியாயிற்று. ஒரு ஸ்க்ரூ கட்டிலடியில் உருண்டது. குனிந்து தேடியதில் கிடைத்தது அம்மாவின் மூக்குக்கண்ணாடி. "பேய் எடுத்துட்டுப் போச்சுன்னுல்லா நெனச்சேன்" என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

கைகளோடு வந்த கடைக்காரரின் குறிப்பு: பிளாஸ்டிக் வளைந்து அடியைத் தானே வாங்கிக்கொள்ளும், அலுமினியம் வளையாது, அடி உள்ளே போகும். மீன்குழம்பு. மழை விடவில்லை.

நவ. 9, சனி

வெயில். முற்றத்து சிமென்ட் தரையில் ஓட்டினேன். அம்மா நாற்காலியில். கார் கிளம்பியது, தானாக வலப்பக்கம் வளைந்தது, வாழை மரத்து மூட்டில் போய் முட்டியது. மறுபடி. அதே மூடு.

"நேராத்தானேட்டி போவும் அது. நீ கெடுத்துப் போட்டியா?"

இன்னொரு தடவை. அதே மூடு.

"அவனுக்குப் பிடிக்கல கேட்டியா. குடுக்கது பிடிக்கல." அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "நாளைக்கு மொத வேலையா அதக் கொண்டு போயிரணும்." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கைகளை அளந்து பார்த்தேன். சரியாகத்தான் மாட்டியிருக்கிறேன். பிறகுதான் ரிமோட்டைக் கவனித்தேன். ஸ்டீயரிங் குச்சிக்குக் கீழே ஒரு சின்ன நெம்பு, டிரிம் என்பார்கள். கார் ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் நகர்த்தி நேராக்குவதற்கு. அது நடுவில் இல்லை. வலது கோடியில்.

ஒட்டுப்போட்ட கோணல் கை இடப்பக்கம் இழுத்திருக்கும். அவன் வலப்பக்கம் தள்ளி நேராக்கியிருக்கிறான். இத்தனை வருடம் நாங்கள் பார்த்த நேர், அவன் விரல் செய்த நேர். நான் கோணலை எடுத்துவிட்டேன். விரல் இன்னும் தள்ளிக்கொண்டிருக்கிறது.

ஒரு தள்ளு போதும், நடுவுக்கு வந்துவிடும். நகத்தை வைத்தேன். எடுத்துவிட்டேன்.

அம்மாவிடம் விளக்கலாம். பயம் போகும். அந்த இடத்துக்கு அவன் விரல் வரும், உறக்கம் வராது என்று தெரியும் எனக்கு. விளக்கவில்லை.

சாயங்காலம். காரைத் துடைத்து அட்டைப்பெட்டியில் வைத்தேன். நெம்பு நகராமல் செல்லோடேப். ஏலத்துக்கு முன் ஓட்டிப் பார்ப்பவர்கள் "வலத்தோட்டு இழுக்கு" என்று விலகட்டும்.

தன் வீட்டுப் பூசணிக்காயைத் தானே ஏலத்தில் எடுத்துத் தூக்கிக்கொண்டு திரும்புவது எங்கள் சபையில் எல்லா வருடமும் நடப்பதுதான். காணிக்கை கொடுத்தது கொடுத்ததாகும். காய் வீடு திரும்பும். இந்தக் காய் இந்த வீட்டுக்கு வராது, நாகர்கோவிலில் என் வீட்டுக்குப் போகும். அம்மா உறங்கட்டும்.

பழைய கைகள் இரண்டையும் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் வைத்துவிட்டேன். நாளை ஏலத்தில் என் கை கடைசிவரை இறங்காது. ஜோன்ஸிடம்கூடச் சொல்லவில்லை.